பத்துக்கு ஆறு

எமில்டா தந்த தாளில் ஐந்து கட்டங்கள்.
நிறம், மணம், நுரை, வாய்க்குள் எப்படி,
கடைசியாக, விழுங்கிய பிறகு என்ன மிச்சம்.
பென்சிலைக்கூடச் சீவி வைத்திருந்தாள்.

"இது பியரோ?" என்றார் தயாபரன்.
"பியர் இல்லை அண்ணை, பியர்ஸ்."
"அதைத்தானே நானும் கேட்கிறன்."
கொக்குவிலில் அவளுடைய கராச்சுக்குள்
பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓரம் தள்ளி
பிளாஸ்டிக் கதிரையில் மூன்று பேர்.
முப்பத்தொரு போத்தல் அடைத்தவள்
முப்பதைத்தான் காட்டினாள்.
ஒன்று போன கிழமை சாமத்தில் வெடித்து
அயலில் உள்ள நாய்களையெல்லாம் எழுப்பிவிட்டதாம்.

தயாபரன் சங்கத்தில் கள்ளுப் பார்க்கிறவர்.
விடியக் கள்ளோ பின்னேரக் கள்ளோ,
முட்டிக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சோ,
நாக்கில் பட்டதும் சொல்லுவார்.
என்னை ஏன் கூப்பிட்டாள்?
நான் பெரியாஸ்பத்திரிக்கு முன்னால் பழம் விற்கிறவன்.
என் நாக்குக்கு ஒரு பேரும் இல்லை,
எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டைவிரலுக்குத்தான்.
பியர்ஸின் கழுத்தில், காம்புக்குக் கீழே,
மெல்ல அழுத்தினால் சொல்லும்,
இன்றைக்கா, நாளைக்கா, நாளையின்றைக்கா.

தனக்கென்று பியர்ஸ் வாங்குகிறவரை
பதினாறு வருசத்தில் நான் அதிகம் கண்டதில்லை.
வெள்ளை வலைச்சட்டை போட்ட பழம்
கேற்றைத் தாண்டி வார்ட்டுக்குப் போகிற பழம்.
"பல்லுக்கு மெதுவா இருக்கோணும்" என்பார்கள்.
"சீனி வருத்தத்துக்குக் குடுக்கலாமோ" என்பார்கள்.
பிறகு என்ன நடந்தது என்று
நான் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை.
கன்றிப்போனவை எமில்டாவின் கூடைக்கு, பாதி விலை.

ஊற்றினாள்.
வைக்கோல் நிறம். இல்லை,
மழைக்கு முதல்நாள் வெய்யில் நிறம்.
அதை எழுத இடம் காணாமல்
"மஞ்சள்" என்று எழுதினேன், எட்டு.
நுரை ஏறிய வேகத்திலேயே இறங்கியது, ஐந்து.
தயாபரன் கண்ணை மூடி
வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி
"புளிப்பு நேர்மையானது" என்றார்.
பிறகு "கயர்க்குது" என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் கேட்டார்.

எனக்கும் கயர்த்தது.
நாக்கின் இரு கரையிலும்
வாழைப்பூ நறுக்கிய விரல்போல ஒரு பிடிப்பு.
அதற்குப் பின்னால் இனிப்பு வருமென்று பார்த்தேன்,
வரவில்லை. வந்தது வேறு.

ஐப்பசியில் ஒரு காலை, கடை திறக்க முதலே
மண்ணிறச் சேலைக்காரி ஒருத்தி நின்றாள்.
முதல்நாள் பின்னேரம் வாங்கிய ஆறு பழம்,
முடிச்சு அவிழ்க்காத பை.
"தம்பி, இதைத் திருப்பி எடுப்பியளோ?
சாப்பிட ஆளில்லை."
எடுத்தேன். முழுக்காசும் கொடுத்தேன்.
அவ எண்ணிப் பார்த்தா,
ஆட்டோவுக்கு மாற்றிய சில்லறை கேட்டா.
அந்த ஆறையும் திரும்ப விற்க மனம் வரவில்லை.
ஒன்றிலும் கன்றல் இல்லை,
என்றாலும் கூடையில் போட்டேன்.

முப்பது போத்தலில் எதற்குள் அது?
எல்லாவற்றிலும் தானே.
அரைத்தால் பழத்துக்கு ஆள் அடையாளம் இல்லை.

"மிச்சம்" என்ற கட்டத்தில் பென்சில் நின்றது.
"என்ன அண்ணை, சரியில்லையோ?"
"சீ, அப்படி இல்லை" என்றேன்.
"கொஞ்ச நேரம் நிக்குது."
அவள் அதை எழுதச் சொன்னாள்.
எழுதினேன்: கொஞ்ச நேரம் நிற்கிறது.

மொத்தத்துக்குத் தயாபரன் ஏழரை போட்டார்,
அரை அவருடைய பெருந்தன்மை என்று தானே சொன்னார்.
நான் ஏழு எழுதி, அழித்து, ஆறு எழுதினேன்.
எமில்டாவின் முகம் சுருங்கியது.
"மற்ற நாலும் எங்கை போச்சு?"

"நுரைக்கு ரெண்டு. நீ சொல்லுற விலைக்கு ஒண்டு."
"அது மூண்டு."
"ஓம்."

வெளியே யாரோ ஹோர்ன் அடித்தார்கள்,
கராச் வாசலை மறித்து நின்றது என் வான்.
எழும்பும்போது கிளாஸில் ஒரு மிடறு இருந்தது.
நின்றபடி அதையும் குடித்தேன்.